உப்புப் பார்க்க ஒரு அடை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பேனாவைக் கையில் எடுப்பேன், விளக்கேற்ற நேரமாயிற்று என்று வைத்துவிடுவேன். அது சாக்குதான். மறியல் நடந்த அந்தக் காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ரோட்டில் வெட்டிச் சாய்த்த மரங்களையும் போலீஸ் வண்டிகளையும் எழுதுகிறார்கள். எனக்கோ நினைவில் நிற்பது ஒரு அடை. ஊரே கொந்தளித்த நேரத்தில் இவள் அடை தின்ற கதையை எழுதுகிறாளே என்று சிரிப்பார்கள் என்ற கூச்சம். அதுவும் புருஷன் வாயில் வைக்கும் முன்னால் தின்ற அடை. என் மாமியார் இருந்தவரைக்கும் அதை வெளியே சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நல்லது செய்தவரைப் பற்றிப் பேசாமல் இருப்பது, கோயில் பிரசாதத்தை முந்தானையில் முடிந்துவைத்து ஊசவிடுகிற மாதிரி என்று இப்போது தோன்றுகிறது. எட்டாவதோடு நின்ற படிப்பு என்னுடையது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நல்லது செய்தவர் பக்கத்து வீட்டு அக்கா. அவர் பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால் "சோம்பேறி" என்பார்கள். முகத்துக்கு நேராகச் சொன்னாலும் அவருக்குக் கோபம் வராது.

"அந்த வார்த்தைய முழுசாச் சொல்றியே, உனக்கு வாய் வலிக்கல?" என்று கேட்பார்.

கள்ளக்குறிச்சியில் ரைஸ் மில்களுக்குப் பின்னால் வரிசையாக ஓட்டு வீடுகள் இருந்தன. ஒன்றில் நாங்கள், அடுத்ததில் அந்த அக்கா. என் வீட்டுக்காரர் ஒரு மில்லில் லாரி ஓட்டினார். அக்காவின் வீட்டுக்காரர் கல்வராயன் மலையில், வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். சனிக்கிழமை இறங்குவார், ஞாயிறு கோயிலுக்குப் போய்விட்டுத் திங்கள் காலை முதல் பஸ்ஸில் ஏறிவிடுவார். அவர்கள் மாதா கோயில்காரர்கள், நாங்கள் பெருமாளைக் கும்பிடுகிறவர்கள். அவர் இறங்கும்போதெல்லாம் மலைக்காரர்களிடம் வாங்கிய மொச்சையோ அவரையோ ஒரு பை நிறைய வரும். அதனால் அந்த வீட்டில் அரிசி தீர்ந்தாலும் பருப்பும் பயறும் தீராது.

அக்காவின் சோம்பலைச் சொல்ல வேண்டும். தெருவிலுள்ள பெண்கள் எல்லாரும் குனிந்து பெருக்குவோம். அவர் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, கைக்கு எட்டுகிற வரைக்கும் பெருக்குவார். பிறகு முக்காலியைத் தள்ளிப் போடுவார். மழை வரும்போல இருந்தால் துணியை நுரையோடு கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுப்பார். "அலசறது மேல இருக்கறவரு வேல" என்பார். மழை வராமல் போன நாட்களும் உண்டு. அன்றைக்குக் கம்பவுண்டர் சட்டை மொடமொடவென்று வெள்ளைத் திட்டோடு மலைக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் கடைசி வரிசையில், கதவை ஒட்டி உட்காருவாராம். வீட்டுக்குத் திரும்ப அதுதான் கிட்டம்.

அடுப்புக்குப் பக்கத்தில்கூட ஒரு ஸ்டூல் வைத்திருந்தார். நாங்கள் குந்தி உட்கார்ந்து ஊதாங்குழலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, செங்கல்லை அடுக்கி உயர்த்திய அடுப்பின் எதிரே அவர் மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பார். காலையில் இட்லி கிடையாது, தோசை கிடையாது. மாவு புளிக்கக் காத்திருப்பது அவருக்கு ஆகாது. கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, பச்சைப்பயறு, மொச்சை எல்லாம் சேர்ந்து மூன்று பங்கு, புழுங்கலரிசி ஒரு பங்கு, காய்ந்த மிளகாய். படுக்கப்போகும்போது எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுவார்.

"நான் தூங்கறப்போ அது வேல செய்யட்டும்."

காலையில் இஞ்சியும் சோம்பும் சேர்த்து ஆட்டுக்கல்லில் நாலு சுற்று. அவ்வளவுதான். கொரகொரவென்று இருக்கும். நைசாக அரைக்க வேண்டாமா என்று ஒருமுறை கேட்டேன்.

"அத்தினியும் ஆட்டுக்கல்லே அரைச்சிட்டா பல்லு எதுக்கு தங்கச்சி?"

கொல்லையில் நிற்கும் முருங்கையை ஒடித்து இலையை உருவிப் போடுவார். கனமாக ஊற்றி, நடுவில் ஒரு ஓட்டை போட்டு எண்ணெய் விட்டு, மூடி போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். சட்னி அரைப்பதில்லை. ஒரு வெல்லக்கட்டி. கல்லிலிருந்து எடுத்த முதல் அடையை அப்படியே கையில் வாங்கி, ஊதி ஊதி, அவரே தின்பார். அதன் பிறகுதான் புருஷனுக்கு.

இதைத்தான் எங்கள் தெருவால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. சோம்பேறித்தனத்தைக்கூட மன்னித்துவிட்டார்கள். கட்டினவன் மலையிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்திருக்க, இவள் முதல் அடையை வாயில் போட்டுக்கொள்கிறாளே என்று தண்ணீர்க் குழாயில் பேசிப் பேசி மாய்ந்தார்கள். அவர் ஜெபம்கூடத் தின்றுகொண்டேதான் சொல்வார். வாயில் அடை இருக்கும்போதே நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்.

"சாப்படறதுக்கு முன்னாடி இல்ல சொல்லணும்?" என்றேன்.

"ருசி தெரியாம இன்னான்னு நன்றி சொல்றது? தின்னு பாத்துட்டு, ஆண்டவரே நல்லா இருக்குதுன்னு சொன்னாத்தான் அவருக்கும் சந்தோசம்."

எனக்கு இதைக் கேட்டு மனசு பதறியது. ஏனென்றால் நான் வளர்ந்த முறையும் வாழ்க்கைப்பட்ட முறையும் வேறு. விளக்கேற்ற வேண்டும். பெருமாளுக்குப் படைக்க வேண்டும். காக்கைக்கு ஒரு விள்ளல். பிறகு வீட்டுக்காரர், பிறகு மாமியார். அதன்பின் நான். என்னை யாரும் பட்டினி போட்டதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என் முறை வரும்போது மாவுச் சட்டியின் அடி வந்திருக்கும், அவ்வளவுதான். அதில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி ஒரு கிழிந்த தோசை வார்த்துக்கொள்வேன். அதுவும் ஒரு விரதம் மாதிரி என்று எனக்குள் பெருமையாகவே இருந்தது.

அந்தச் சமயம் நான் மாசமாக இருந்தேன். அதற்கு முன் ஒன்று தங்கவில்லை. அதனால் இந்தப் பிள்ளைக்காகப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டு புரட்டாசி முழுக்க விரதம் இருக்கத் தொடங்கியிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்காதான் துணைக்கு வந்தார். வந்தவர் பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸம்மா என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"மாசத்துக்கேத்த வளர்ச்சி இல்ல. உனக்கு ரத்தமும் கம்மி. பருப்பு, பயறு, முட்டை, இன்னா கெடைக்குதோ நல்லாத் தின்னு. இப்படியே போனா போன தடவ மாதிரிதான் ஆவும், சொல்லிட்டேன்."

அக்கா தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். வெளியே வந்ததும், "முட்டைய வுடு, உனக்கு இது புரட்டாசி. பருப்புக்கு இன்னா கேடு? நாளைக்கு எங்கூட ஒரு அடை தின்னுட்டுப் போ" என்றார்.

"அவரு சாப்படாம நான் எப்படிக்கா?"

அக்கா கொட்டாவி விட்டுக்கொண்டே நடந்தார். வாதாடுவதும் ஒரு வேலைதானே.

அந்த வாரம்தான் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியது. ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் நின்றது, பால் நின்றது, மில்களில் சத்தம் நின்றது. அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்று ஒரு பக்கமும், இப்படியா கேட்பது என்று ஒரு பக்கமும் ஊர் பேசிக்கொண்டது. என் வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு போனவர் ஆத்தூருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். மாமியார் மகளைப் பார்க்கத் தியாகதுருகம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். கம்பவுண்டர் மலைமேல். வரிசையில் நானும் அக்காவும் தனித்தனியாக இரண்டு வீட்டில்.

இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆளில்லாத வீட்டில் தினமும் காலையில் எழுந்து தோசை வார்த்தேன். ஒவ்வொரு நாளும், "இன்னிக்கு ரோடு தொறந்துடுவாங்களாம்" என்று யாராவது சொல்வார்கள். அவர் பசியோடு வந்து நிற்பாரே என்று தட்டு வைத்து மூடிவைப்பேன். அவர் சாப்பிடாமல் நான் சாப்பிடக் கூடாது. வெயில் உச்சிக்கு வரும். தோசை வறண்டுபோகும். தெருவில் போகிற மாட்டுக்குப் போட்டுவிட்டு ஒரு டம்ளர் நீராகாரம் குடிப்பேன். யாரும் எனக்கு அப்படிச் செய்யச் சொல்லவில்லை. யாரும் இல்லாததால் செய்யாதே என்று சொல்லவும் ஆளில்லை.

ஒருநாள் குழாயடியில் குடத்தைத் தூக்கியபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வயிற்றில் அசைவும் இல்லை போலத் தோன்றியது. அக்கா முக்காலியிலிருந்து எழுந்து வந்தார். அவர் நடையில் அவசரத்தைப் பார்த்தது அன்றுதான். ஒரு வார்த்தை திட்டவில்லை. குடத்தை எடுத்து என் வீட்டில் வைத்துவிட்டு, எதையோ யோசித்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலை அவர் அடுப்படி ஜன்னலிலிருந்து கூப்பிட்டார். அந்த ஜன்னல் எங்கள் கொல்லையைப் பார்த்து இருக்கும்.

"தங்கச்சி, இங்க வா. எனக்குச் சளி. நாக்குல ஒண்ணும் தெரியல. இதுல உப்புப் பாத்துச் சொல்லு."

ஜன்னல் கம்பி வழியாகக் கை நீண்டது. கையில் முழு அடை.

"இம்மாம் பெருசு எதுக்குக்கா? ஒரு விள்ளு போதுமே."

"ஒரு ஓரத்துல சரியா இருக்கும், இன்னொரு ஓரத்துல கம்மியா இருக்கும். கொரகொரன்னு அரைக்கற மாவு. முழுசாப் பாத்தாத்தான் தெரியும்."

உப்புப் பார்ப்பது சாப்பிடுவதில் சேராது. எந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டாலும் இதைச் சொல்வாள். அதுவும் இது என் வீட்டுச் சமையல் இல்லை, பெருமாளுக்குப் படைக்கப்போகிற பண்டமும் இல்லை. பக்கத்து வீட்டு அடை. எனக்கு இருந்த ஒரே பயம் முட்டை வார்த்த கல்லாயிற்றே என்பது. நான் கேட்கும் முன்பே, "கல்லு சுத்தம். பாரு" என்று துணியால் பிடித்துத் தூக்கிக் காட்டினார். புளியும் சாம்பலும் போட்டு, அடிப்பக்கம்வரை தேய்த்திருந்தார். முருங்கை மரத்தடியில் தேய்த்த கரி கருப்பாக ஓடியிருந்தது. பெருக்குவதற்கே முக்காலி போடுகிற மனுஷி அந்த இரும்பை எவ்வளவு நேரம் தேய்த்தாரோ, எனக்குத் தெரியாது. அந்தப் புரட்டாசி முடிகிறவரைக்கும் அந்தக் கல்லில் முட்டை விழவில்லை.

நான் தின்றேன். உப்புச் சரியாக இருக்கிறது என்றேன்.

"சரியாச் சொல்லு. இது ரெண்டாவது. இதுலயும் பாரு."

அடுத்த நாளும் சளி. அதற்கடுத்த நாளும் சளி. ஒரு தும்மல் கிடையாது, மூக்கு உறிஞ்சல் கிடையாது. நான் குழந்தையில்லை, எனக்குப் புரியாமல் இல்லை. கேட்டால் நின்றுவிடுமே என்று கேட்கவில்லை. தினமும் விளக்கேற்றிவிட்டு ஜன்னலுக்குப் போவேன். "கொஞ்சம் ஜாஸ்திக்கா" என்று ஒருநாள், "கம்மிதான்" என்று ஒருநாள், ஒரு மரியாதைக்காகச் சொல்லிவைப்பேன். அவரும் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, "அப்படியா, அப்ப இதப் பாரு" என்பார். வயிற்றில் பிள்ளை உதைக்க ஆரம்பித்தது. பெருமாளே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டேன்.

அப்படி ஒரு காலையில், இரண்டாவது அடை பாதி வாயில் இருக்கும்போது, கொல்லைப் படல் திறந்தது. என் மாமியார்.

தியாகதுருகத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். மரங்களுக்கு அடியில் குனிந்தும் கழனி வரப்பில் இறங்கியும் வந்ததில் தலைமுடியெல்லாம் புளிய இலை. தலையில் ஒரு துணி மூட்டை. என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"வெளக்கு ஏத்துனியா?"

வாய் நிறைய அடை. தலையை ஆட்டினேன்.

"எம் புள்ள அங்க சோறு இருக்குதோ இல்லையோன்னு கெடக்கறான். நீ இங்க ஊரான் வூட்டு ஜன்னல்ல நின்னுகினு தின்னுகினு கீறியா?"

வாயில் இருந்த அடையை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அப்போது ஜன்னலுக்குள்ளிருந்து அக்காவின் குரல், வெயில் நேரத்து எருமை மாதிரி அசைந்து அசைந்து வந்தது.

"வாங்கம்மா. சரியான நேரத்துல வந்தீங்க. இவள நம்பி நான் கெட்டேன். நேத்து கம்மின்னா, இன்னிக்கு ஜாஸ்தின்றா. மாசமா இருக்கறவ நாக்கு, அதுக்கு இன்னா தெரியும்? இந்தத் தெருவுலயே உப்புன்னா நீங்கதான். நீங்க பாத்துச் சொல்லுங்க."

அது பொய்யில்லை. கல்யாண வீட்டுச் சமையலிலும் கோயில் பொங்கலிலும் என் மாமியாரைத்தான் கூப்பிட்டு உப்புப் பார்க்கச் சொல்வார்கள். அந்தப் பெருமை அவருக்கு உண்டு. மூட்டையை இறக்கிவைத்தார். ஒரு நிமிஷம் யோசித்தார். குழாயில் கை கழுவிக்கொண்டு வந்து, "கல்லு?" என்றார்.

"முட்டை பாக்காத கல்லும்மா. மாதா மேல சத்தியம்."

கம்பி வழியாக அடை வந்தது. மாமியார் கையில் வாங்கினார். வாங்கியதும் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

"இன்னாடி இது, சுடுது?"

"அடுப்புலேர்ந்து வந்தா சுடும்மா" என்றார் அக்கா.

"சுடுது" என்றார் மறுபடியும். யாரிடமும் சொல்லவில்லை, அடையிடம் சொல்வது மாதிரி இருந்தது. ஓரத்தைப் பிட்டு வாயில் போட்டார். பிறகு நடுவில். முறுகலான ஓரம் நொறுங்குகிற சத்தம் மட்டும். முழுவதையும் தின்று முடித்தபிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நான் ஊத்தறது எனக்கு வர்றதுக்குள்ள ஆறிப்பூடும்."

கல்லில் அடுத்ததை ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"உப்பு எப்படிம்மா?"

"தெரியல. இன்னொண்ணு குடு."

அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது, அவரும் மறியல் தொடங்கின நாளிலிருந்தே சரியாகச் சாப்பிடாமல் இருந்து, அப்படியே நடந்து வந்திருக்கிறார் என்று. மகள் வீட்டில் சோறு இருந்தது. "புள்ளத்தாச்சியத் தனியா வுட்டுட்டு எனக்கு எப்பிடிடி எறங்கும்?" என்றார் இரண்டாவது அடையைத் தின்றுகொண்டே. குரல் பழையபடி கடுகடுப்பாகத்தான் இருந்தது. எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. மாமியாரிடம் எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறேன். அன்று வாங்கினதைப் போல இனிப்பாக ஒன்றும் இல்லை.

மறுநாள் எங்கள் வீட்டில் அவரே முந்தி எழுந்தார். அக்கா வீட்டிலிருந்து ஊறின பருப்பு ஒரு சட்டி வந்திருந்தது. விளக்கேற்றி, அடை ஊற்றி, ஒரு விள்ளலைப் பெருமாள் முன் வைத்தார், ஒன்றைக் காக்கைக்குப் போட்டார். மிச்சத்தைச் சுடச்சுட என் கையில் வைத்தார்.

"இந்தா. உப்புப் பாரு."

அடுத்ததை எடுத்து அவர் உப்புப் பார்த்தார்.

ரோடு திறந்து என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தது ஒரு காலை வேளையில். தாடியும் புழுதியுமாக வந்து, கை கால் கழுவிக்கொண்டு, நேராகத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். "சீக்கிரம் போடும்மா, பசி கண்ண அடைக்குது" என்றார். மாமியார் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்:

"இருடா. அவ உப்புப் பாத்துக்கினு இருக்கறா."

அவர் திரும்பிப் பார்த்தார். அடுப்படியில் உட்கார்ந்து நான் முழு அடையைத் தின்றுகொண்டிருந்தேன். ஒன்றும் புரியாமல் அம்மாவைப் பார்த்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. அதன்பிறகு அந்த வீட்டில் முதல் அடைக்கு அவர் காத்திருக்கப் பழகிக்கொண்டார். ஒருநாளும் அதற்காகக் கோபித்ததில்லை. யாராவது முன்பே சொல்லியிருந்தால் முன்பே காத்திருந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பெண் குழந்தை பிறந்தது. அதே நர்ஸம்மா தூக்கிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, நல்லா கனமா இருக்குது. இன்னா தின்ன?" என்றார்.

"உப்புத்தான் பாத்தேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பெஞ்சில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த அக்காவின் உதடு மட்டும் அசைந்தது.

கொஞ்ச நாளில் அவர்களும் மலைக்கே குடிபோய்விட்டார்கள். வாராவாரம் பிரிந்திருப்பது கஷ்டம் என்றார் கம்பவுண்டர். அக்கா சொன்ன காரணம், மலையில் குளிர் என்பதால் காலையில் லேட்டாக எழுந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது. ஒரே ஒருமுறை குழந்தையைப் பார்க்க இறங்கி வந்தார். ஒரு பை மொச்சை கொண்டுவந்தார். குழந்தையைக் கொஞ்சுவதற்குப் பாயில் பக்கத்தில் படுத்தவர், அது தூங்கும் முன்பே தூங்கிவிட்டார். மாமியார் விசிறிக்கொண்டே, "தூங்கறதுல ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். சாயங்காலம் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அதன்பிறகு பார்க்கவில்லை. வெள்ளிமலைப் பக்கமிருந்து வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். எங்கே இருந்தாலும் உட்கார்ந்துதான் இருப்பார்.

இன்றைக்கும் காலையில் எங்கள் வீட்டில் விளக்கேற்றியதும் அடைதான். பெருமாளுக்கு ஒரு விள்ளல் வைக்கும்போது மாதாவையும் ஒரு முறை நினைத்துக்கொள்கிறேன். இருவருக்கும் அதில் வருத்தம் இருக்காது என்று நம்புகிறேன்.

இதைப் படிக்கிறவர்கள், அடுப்படியில் நிற்கும் யாரோ ஒருவருக்காவது இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது மாற்றாமல் சொல்லுங்கள். முருங்கை கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம், மொச்சைக்குப் பதில் காராமணி போடலாம், அதெல்லாம் அக்காவே செய்வதுதான். ஆனால் பருப்பைக் குறைத்து அரிசியைக் கூட்டிவிடாதீர்கள். அவர் ஊருக்கெல்லாம் சோறு போட்டார் என்றோ, ஓடி ஓடி உழைத்தார் என்றோ ஒன்றும் சேர்க்காதீர்கள். அவர் சோம்பேறி. நல்லவரைப் பற்றிச் சொல்கிறோமே என்று அதை எடுத்துவிடவும் வேண்டாம். கடைசியாக, முதல் அடை யாருக்கு என்பதை மட்டும் அப்படியே சொல்லுங்கள். அது சுட்டவளுக்கு. ஏன் என்று யாராவது கேட்டால், உப்புப் பார்க்க என்று சொன்னால் போதும்.